பிலாட்டீஸ் ஆசிரியராக விரும்புவோருக்கு: கண்ணும் சொல்லும் பழகும் வழி

ஒருவர் மல்லாந்து படுத்துத் தலையையும் தோள்களையும் தரையிலிருந்து உயர்த்தி, நீட்டிய கைகளை மேலும் கீழுமாக அசைத்தபடி, ஐந்து எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஐந்து எண்ணும்வரை வெளிவிடுகிறார். இப்படிப் பத்துச் சுற்று முடிந்தால் கையசைவு நூறாகிவிடும். அதனால்தான் இப்பயிற்சிக்கு ‘ஹண்ட்ரட்’ என்று பெயர். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். நல்ல ஆசிரியரின் கண்ணுக்கோ கழுத்து நரம்பு புடைத்திருப்பதும், விலா எலும்புகள் மேல்நோக்கித் துருத்துவதும், நான்காவது சுற்றிலேயே மூச்சு நின்றுவிட்டதும் தெரியும். மூச்சோடு இசைந்த அசைவுகளால் உடலின் நடுப்பகுதியை வலுப்படுத்தும் உடற்பயிற்சிமுறையே பிலாட்டீஸ். அதன் ஆசிரியராவதில் பெரும்பங்கு இந்தக் கண்ணைப் பெறுவதுதான். கண்டதை எதிரில் இருப்பவருக்குப் புரியும் ஒரே வாக்கியத்தில் சொல்வது மீதிப் பங்கு.

இதற்கு உடற்பயிற்சித் துறையில் முன்னனுபவம் கட்டாயமில்லை. நடனம், யோகா, பிசியோதெரபி ஆகியவற்றிலிருந்து வருபவர்களுக்குச் சில படிகள் எளிதாக இருக்கும். அவர்கள் விட வேண்டிய பழக்கங்களும் உண்டு. யோகா பழகியவர் ஒரு நிலையை எட்டியதும் அதில் தங்க விரும்புவார். பிலாட்டீஸிலோ ஒரு பயிற்சியின் முடிவு அடுத்ததன் தொடக்கமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் இத்தொழிலுக்கு வர நினைப்பவர்கள் தயங்கத் தேவையில்லை. முதுகுவலியோடு வாழ்ந்து பார்த்தவருக்கு மாணவரின் அச்சம் சொல்லாமலே புரியும்.

பெயரின் கதை

இம்முறையை உருவாக்கியவர் ஜோசப் பிலாட்டீஸ். 1883-இல் ஜெர்மனியின் மோன்சென்கிளாட்பாக் நகரில் பிறந்த அவர், சிறுவயதில் ஆஸ்துமாவாலும், எலும்பு மெலிந்து வளையும் ரிக்கெட்ஸாலும் நலிந்திருந்தார். தம் உடலைத் தாமே தேற்றிக்கொள்ளும் முயற்சியில்தான் உடற்பயிற்சியின் பக்கம் வந்தார். முதல் உலகப் போர் தொடங்கியபோது இங்கிலாந்தில் இருந்ததால், ஜெர்மானியர் என்ற காரணத்திற்காக அவரை அடைத்து வைத்தார்கள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மான் தீவின் (Isle of Man) முகாமில் சக கைதிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1926-இல் நியூயார்க் சென்று, துணைவி கிளாராவோடு எட்டாவது அவென்யூவில் பயிற்சிக்கூடம் நடத்தினார். காயம்பட்ட நடனக் கலைஞர்கள் பலர் அங்கே வந்து தேறினார்கள். தம் முறைக்கு அவர் வைத்த பெயர் ‘கண்ட்ராலஜி’. 1945-இல் வெளியிட்ட நூலில் தரை விரிப்பில் செய்யும் 34 பயிற்சிகளை வரிசைப்படுத்திக் கொடுத்தார். 1967-இல் மறைந்தார்.

புதிதாக வருபவர்கள் இவ்வரலாற்றில் மறக்கக்கூடாத ஆண்டு 2000. ‘பிலாட்டீஸ்’ என்ற சொல் ஒருவருக்கு உரிய வணிகப்பெயரா என்ற வழக்கில், அது யோகா, கராத்தே போல ஒரு பயிற்சிமுறையைக் குறிக்கும் பொதுச்சொல் என்று அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் இம்முறை இன்னும் பரவலாகியது. ஆனால் அன்றிலிருந்து அப்பெயரைப் பலகையில் எழுதி வைப்பதற்கு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. வார இறுதி இரண்டு நாளில் சான்றிதழ் தருகிறவர்களும் ஓராண்டு முழுவதும் பயிற்றுவிப்பவர்களும் ஒரே பெயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். எங்கே கற்கப்போகிறோம் என்பதை விசாரித்து அறியும் பொறுப்பு ஆகவே முழுக்க உங்கள் தலையில்தான் விழுகிறது.

முதலில் மாணவராக இருங்கள்

பயிற்சித் திட்டத்திற்குப் பணம் கட்டுவதற்கு முன் குறைந்தது ஆறு மாதம், வாரத்திற்கு இரண்டு முறையாவது, ஒரே ஆசிரியரிடம் மாணவராக இருந்து பாருங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. பல ஆசிரியர்களைச் சுற்றிப் பார்ப்பது பின்னால் பயன்படும். தொடக்கத்தில் ஒருவரே உங்கள் உடல் மாறுவதைத் தொடர்ந்து கவனித்துச் சொல்ல வேண்டும். காணொளிகளைப் பார்த்து மட்டும் கற்பவர்கள் அசைவின் வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். எந்தத் தசை வேலை செய்ய வேண்டுமோ அது செய்கிறதா என்று அவர்களுக்குச் சொல்ல எதிரில் ஆள் இல்லை.

இந்த ஆறு மாதத்தில் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகுப்பும் முடிந்த பத்து நிமிடத்திற்குள், ஆசிரியர் சொன்ன எந்தச் சொல் உங்கள் உடலில் வேலை செய்தது, எது காதில் விழுந்ததோடு போயிற்று என்று எழுதுங்கள். பின்னாளில் பாடநூல் தராத பலவற்றை அந்தக் குறிப்பேடு தரும்.

உடலைத் தொட்டுப் படியுங்கள்

உடற்கூறியல் என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். அறுநூறுக்கு மேற்பட்ட தசைகளின் பெயரையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முதுகுத்தண்டின் பகுதிகளை, அதாவது கழுத்தில் ஏழு, மார்புப் பகுதியில் பன்னிரண்டு, கீழ்முதுகில் ஐந்து என்ற முள்ளெலும்புகளை, முதலில் தெளிவாக அறியுங்கள். பிறகு உடலின் நடுப்பகுதியை ஒரு டப்பாவாக எண்ணிக்கொண்டு அதன் சுவர்களைப் படியுங்கள். மேல்மூடி உதரவிதானம், அடித்தட்டு இடுப்புத்தளத் தசைகள், முன்னும் பக்கமுமாகச் சுற்றி வளைப்பது டிரான்ஸ்வெர்சஸ் அப்டாமினிஸ் என்னும் ஆழமான குறுக்கு வயிற்றுத் தசை, பின்னால் முள்ளெலும்புகளோடு ஒட்டி ஓடுவது மல்டிஃபிடஸ். மூச்சு உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் இந்நான்கும் ஒன்றுக்கொன்று இசைந்து எப்படி மாறுகின்றன என்பது விளங்கிவிட்டால், பிலாட்டீஸில் மூச்சுக்கு ஏன் அவ்வளவு இடம் என்று தனியே யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதைப் படத்தில் படிப்பதைவிட உடலில் தொட்டுப் படிப்பது பல மடங்கு பயன் தரும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். இடுப்பின் முன்புறம் இருபக்கமும் துருத்தி நிற்கும் எலும்புகளின் மேல் உள்ளங்கைகளின் அடிப்பகுதியை வைத்து, விரல் நுனிகளைக் கீழே நடு எலும்பை நோக்கிக் கொண்டு செல்லுங்கள். கைகளுக்குள் ஒரு முக்கோணம் அமையும். அந்த முக்கோணம் தரைக்குச் சமமாக, மேலே ஒரு தம்ளர் தண்ணீரை வைத்தால் சிந்தாது என்னும்படி இருந்தால், அதுவே இடுப்பின் நடுநிலை. இப்போது கீழ்முதுகைத் தரையில் அழுத்துங்கள். தம்ளர் வயிற்றுப்பக்கம் சாயும். கீழ்முதுகை வளைத்துத் தூக்குங்கள். பாதங்களின் பக்கம் சாயும். இந்த மூன்று நிலைகளையும் உங்கள் உடலில் நூறு முறை உணர்ந்த பிறகு, உடை மறைத்திருந்தாலும் அடுத்தவர் உடலில் அவற்றை அடையாளம் காண்பீர்கள்.

பயிற்சித் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

திட்டங்கள் பொதுவாக இரு வகை. தரை விரிப்புப் பயிற்சிகளை மட்டும் கற்பிக்கும் மேட் பயிற்சி ஒன்று. ரிஃபார்மர் (ஸ்பிரிங்குகள் இழுக்கும் நகரும் தட்டுள்ள கட்டில் போன்றது), காடிலாக் (மேலே சட்டம் பொருத்திய கட்டில்), சேர் (நாற்காலி வடிவக் கருவி), பேரல் (பீப்பாய்போல் வளைந்த தாங்கி) ஆகிய கருவிகள் அனைத்தையும் உள்ளடக்கிய முழுமைப் பயிற்சி மற்றொன்று. அமெரிக்காவில் தேசிய அளவில் நடக்கும் பிலாட்டீஸ் சான்றுத் தேர்வை எழுத, குறைந்தது 450 மணி நேர முழுமைப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்த நாட்டில் வேலை செய்யும் எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும் இந்த எண்ணை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

உலக அளவில் அறியப்பட்ட பள்ளிகள் சில உள்ளன. 1988-இல் டொராண்டோவில் தொடங்கிய நிறுவனத்தின் ஸ்டாட் பிலாட்டீஸ், இக்கால உடலியல் அறிவுக்கு ஏற்பப் பழைய பயிற்சிகளைத் திருத்தியமைத்தது. கலிபோர்னியாவில் ரயீல் ஐசகோவிட்ஸ் 1989-இல் தொடங்கியது ‘பேசி’ (BASI) என்னும் பள்ளி. போல்ஸ்டார் பள்ளி பிசியோதெரபி மரபிலிருந்து வந்தது. நோயிலிருந்து மீள்பவர்களோடு பணியாற்ற விரும்புவோருக்கு ஏற்றது. பேலன்ஸ்டு பாடி, கருவிகள் செய்யும் நிறுவனமாகத் தொடங்கிக் கல்வியிலும் இறங்கியது. ஸ்டாட், பேலன்ஸ்டு பாடி ஆகியவற்றின் வகுப்புகள் மும்பையில் நடந்துவருகின்றன. ஜோசப் கற்பித்த வரிசையை மாற்றாமல் காப்பவர்கள் ‘கிளாசிக்கல்’ மரபினர் என்றும், திருத்தியமைத்தவர்கள் ‘கண்டெம்பரரி’ மரபினர் என்றும் அழைக்கப்படுகிறார்கள். எது உயர்ந்தது என்ற விவாதத்தில் புதியவர்கள் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒரு மரபை முழுமையாகக் கற்றபின் மற்றதைப் பார்க்கலாம்.

பள்ளியின் பெயரைவிட நான் பெரிதாக எண்ணுவது அங்கே கேட்க வேண்டிய கேள்விகளை. மொத்த மணி நேரத்தில் வகுப்பறை எவ்வளவு, அனுபவமுள்ள ஆசிரியர்களை உட்கார்ந்து கவனிப்பது எவ்வளவு, சொந்தப் பயிற்சி எவ்வளவு, பயிற்சிக் கற்பித்தல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கற்பிக்கும்போது அருகில் நின்று திருத்துபவர் யார், இறுதியில் செய்முறைத் தேர்வு உண்டா, தேறாவிட்டால் மறுபடி எழுத என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். கட்டணத்தை மட்டும் விரிவாகச் சொல்லி இக்கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் தரும் இடத்தை விட்டு விலகிவிடுங்கள். கோட்பாட்டுப் பாடங்களை இணையவழியில் படிப்பதில் தவறில்லை. ஆனால் கற்பித்தலை நேரில்தான் கற்க முடியும். கையில் பணம் குறைவாக இருந்தால் மேட் பயிற்சியில் தொடங்கி, அதில் சம்பாதித்துக்கொண்டே கருவிகளுக்குச் செல்வது நல்ல வழி. கருவியின் துணையில்லாமல் ஒருவரை நன்றாக அசையவைக்கத் தெரிந்தவருக்குக் கருவி எளிதில் வசப்படும்.

கருவிகளைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். ரிஃபார்மரில் ஸ்பிரிங் கூடினால் கடினம், குறைந்தால் எளிது என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். மல்லாந்து படுத்துக் கால்களால் உந்தும் பயிற்சியில் அது உண்மை. கைகளை ஊன்றி, உடலைப் பலகைபோல் நிறுத்தி, நகரும் தட்டை முன்னும் பின்னும் இயக்கும் பயிற்சியில் நிலைமை தலைகீழ்: ஸ்பிரிங் குறையக் குறையத் தாங்குதல் போய், வயிற்றுத் தசைகளின் வேலை கூடும். ஸ்பிரிங்கின் நிறத்தை நம்பியும் ஏமாறக்கூடாது. ஒரு நிறுவனத்தின் சிவப்பும் இன்னொரு நிறுவனத்தின் சிவப்பும் ஒரே இழுவிசை உடையவை அல்ல. மாணவர் தட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் குறைந்தது ஒரு ஸ்பிரிங்காவது மாட்டப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள்.

சொற்களைத் தேடுங்கள்

பயிற்சிக் கற்பித்தலின் தொடக்க வாரங்களில் நான் செய்த தவறு இன்றும் நினைவில் இருக்கிறது. பாடத்தில் இருந்த ஆங்கில வழிகாட்டுச் சொற்களை அப்படியே மனப்பாடம் செய்து, ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே படுத்திருந்த அம்மையார், ஐம்பதைக் கடந்தவர், முகம் சிவந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவேயில்லை. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பதிலேயே என் கண் இருந்தது. என்னை மேற்பார்த்தவர் பயிற்சியை நிறுத்தி, “நீங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் அவரைப் பாருங்கள்” என்றார். அன்றிலிருந்து வாய் திறப்பதற்கு முன் ஒரு முழு மூச்சின் நேரம் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

தமிழ் பேசுபவர்களுக்குக் கற்பிக்கிறவர்கள் இன்னொரு உழைப்பையும் செய்ய வேண்டும். “வயிற்றை உள்ளே இழுங்கள்” என்று சொன்னால் எல்லோரும் மூச்சை அடக்கி, மேல்வயிற்றை எக்கிக்கொள்வார்கள். நமக்கு வேண்டியது அதுவல்ல. புடவை கட்டும் பெண்களிடம், “கொசுவத்தைச் செருகும்போது அடிவயிறு மெல்ல உள்ளே போகுமே, அந்த அளவு போதும்” என்று சொல்லிப் பாருங்கள். கை வைத்துக் காட்டத் தேவையின்றி அந்தத் தசை வேலை செய்யத் தொடங்கும். வேட்டி கட்டுகிறவர்களுக்கும் அது பொருந்தும். மல்லாந்து படுத்த நிலையிலிருந்து எழுந்து அமரும் ‘ரோல் அப்’ பயிற்சியில் முதுகுத்தண்டை ஒவ்வொரு முள்ளெலும்பாக எழுப்ப வேண்டும் என்பதை, கோரைப்பாயை ஓரத்திலிருந்து சுருட்டுவது போல என்றும், இறங்கும்போது அதே பாயை மெல்ல விரிப்பது போல என்றும் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். பாய் பாதியில் பட்டென்று விழுகிறதென்றால், அந்த இடத்தில் முதுகு இறுகியிருக்கிறது என்று பொருள். முழங்காலை மடக்கி, தொடைகளின் பின்புறத்தைக் கைகளால் பிடித்துக்கொண்டு இறங்கச் செய்யுங்கள்.

நம் பேச்சுவழக்கில் கனமான எதையும் ‘தம் கட்டித்’ தூக்கு என்றுதான் சொல்கிறோம். பிலாட்டீஸ் கற்பிப்பது அதற்கு நேர்மாறு: முயற்சி கூடும் கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். வாழ்நாள் முழுவதும் காதில் விழுந்த பழக்கத்தை மாற்றுவதால், இதற்கு மட்டும் பல வாரங்கள் பொறுமையாக இருங்கள்.

மாணவரைத் தொட்டுத் திருத்தும் முன் ஒவ்வொரு முறையும் அனுமதி கேளுங்கள். முதல் நாள் கேட்டதே போதும் என்று எண்ண வேண்டாம்.

யாருக்கு எது கூடாது

இப்பகுதியைப் பற்றித்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். ஜோசப்பின் 34 பயிற்சிகளில் பல, முதுகை முன்பக்கம் வளைப்பவை. தொடக்கத்தில் வரும் மூன்றும் அப்படிப்பட்டவையே. எலும்புப்புரை, அதாவது எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ், உள்ளவர்களுக்கு இவ்வாறு பளுவோடு முன்வளைவது முள்ளெலும்பு நொறுங்கும் ஆபத்தை உண்டாக்கும். மாதவிடாய் நின்ற பெண்கள் வகுப்பில் சேரும்போது எலும்பு அடர்த்திச் சோதனை செய்திருக்கிறார்களா என்று சேர்க்கைப் படிவத்திலேயே கேளுங்கள். அவர்களுக்கு முதுகை நேராக வைத்துச் செய்பவை, குப்புறப் படுத்து மெல்ல எழுபவை, நின்று சமநிலை பழகுபவை என்று ஒரு முழு வகுப்பே அமைக்க முடியும்.

கருவுற்று மூன்று மாதம் கடந்தவர்களை நெடுநேரம் மல்லாந்து படுக்க வைக்காதீர்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்குவதும், இடுப்பைத் தலைக்கு மேல் தூக்குவதும் கூடாது. மகப்பேற்றுக்குப் பின் வயிற்றின் நடுக்கோட்டில் தசை விலகல் இருப்பவர்களுக்குத் தலையைத் தூக்கும் பயிற்சியில் வயிறு கூம்புபோல் மேலெழும். அதைக் கண்டதும் பயிற்சியை எளிதாக்குங்கள். கால் மரத்துப்போகிறது, வலி தொடையிலிருந்து பாதம்வரை இறங்குகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே மருத்துவரிடம் அனுப்புங்கள். நோயைக் கண்டறிவது நம் வேலை அன்று.

வாக்குறுதிகளிலும் அளவு வேண்டும். கீழ்முதுகு வலிக்குப் பிலாட்டீஸ் உதவுகிறதா என்று பத்து ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, எதுவும் செய்யாமலிருப்பதைவிட அது பயன் தரலாம் என்றும், மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் முடிவு சொன்னது. மாணவரிடம் இதை அப்படியே சொல்லலாம். உண்மையைச் சொல்பவரை நம்பித்தான் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வருவார்கள்.

வேலையைத் தொடங்குவது

சான்றிதழ் கையில் கிடைத்த முதல் ஆண்டில் சொந்தக் கூடம் தொடங்க வேண்டாம். இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கூடத்தில் சேர்ந்து, வெவ்வேறு வயதும் உடல்வாகும் கொண்டவர்களைப் பார்ப்பதே அந்த ஆண்டின் பயன். அதோடு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் எட்டுப் பேருக்கு மிகாத மேட் வகுப்பு ஒன்றை நடத்தலாம். அதற்குத் தேவை தடித்த விரிப்புகள், இழுவைப் பட்டைகள், சிறு பந்துகள் மட்டுமே. எட்டுக்கு மேல் போனால் எல்லோரையும் பார்க்க முடியாது. முதலுதவியும், இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் சி.பி.ஆரும் கற்றுச் சான்று பெற்றிருப்பதும், உடல்நலக் கேள்விகள் அடங்கிய படிவத்தில் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்குவதும் முதல் வகுப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அன்றாட வாழ்வுக்குள் கொண்டுவருவது

வாரத்தில் இரண்டு மணி நேரம் வகுப்புக்கு வரும் மாணவர், மீதி நேரம் முழுவதும் வகுப்புக்கு வெளியேதான் இருக்கிறார். ஆகவே ஒவ்வொரு வகுப்பிலும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றே ஒன்றைக் கொடுங்கள். குக்கரையோ தண்ணீர்க் கேனையோ தூக்கும்போது இடுப்பை மடக்கி, மூச்சை வெளியே விட்டபடி எழுவது ஒரு வாரம். குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் தூக்காமல் மாற்றிக்கொள்வது அடுத்த வாரம். கணினி முன் அமர்பவர்களுக்கு, ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை உட்கார்ந்தபடியே விலா எலும்புகளின் பக்கவாட்டில் கை வைத்து, மூச்சால் அந்தக் கைகளை வெளியே தள்ளும் ஐந்து மூச்சுகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சொன்னால் ஒன்றும் நிற்காது.

பிலாட்டீஸ் மட்டும் போதும் என்றும் சொல்லிவிடாதீர்கள். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் பெரியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. பிலாட்டீஸ் இதில் இரண்டாவது பகுதிக்கு உதவும், முதல் பகுதிக்கு நடைப்பயிற்சி வேண்டும்.

வயதானவர்களுக்கு நான் எப்போதும் கொடுப்பது தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம். சப்பணமிட்டு அமர்ந்து சாப்பிட்ட தலைமுறை, நாற்காலிக்கு மாறியபின் அந்த அசைவையே இழந்துவருகிறது. முதல் வாரம் உறுதியான நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலில் இறங்கி, மறு முழங்காலையும் வைத்து, பக்கவாட்டில் அமரச் செய்யுங்கள். எழும்போது அதே வரிசையைத் திருப்பிச் செய்யட்டும். முழங்காலுக்கடியில் மடித்த போர்வை இருக்கட்டும். சில வாரங்களில் நாற்காலியிலிருந்து கை எடுபட்டுத் தொடைக்கு வரும். என் மாணவி ஒருவர் நான்காவது மாதத்தில், பேத்தியோடு தரையில் அமர்ந்து பல்லாங்குழி ஆடிவிட்டு யாரையும் கூப்பிடாமல் எழுந்தேன் என்று வந்து சொன்னார். அன்று வகுப்பில் அவரை இன்னொரு முறை எழுந்து காட்டச் சொல்லி, வலது காலில் பாரம் கூடுதலாக இறங்குவதைக் குறித்துக்கொண்டேன். அடுத்த வாரத்துப் பயிற்சியை அதிலிருந்து அமைத்தேன்.